தாத்தா எங்கேயும் போகவில்லை

எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைக்கும் பிறந்த ஊரையும் கடைசியாக வாழ்ந்த ஊரையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இரண்டு இடத்திலும் ஒரே ஊர் வருகிற ஆள் ஒருவர்தான். என் தாத்தா. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் பிறந்தார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அதே கிராமத்தில், அதே தெருவில் இருந்தார். பிறந்த இடத்தை வைத்துப் போடுகிற கணக்கில் அவர் இடம்பெயராதவர். நடுவில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வால்பாறை மலையில் தேயிலைக் காட்டில் வேலை பார்த்தார், அங்கேயே பிள்ளைகளைப் பெற்றார், அங்கேயே இரண்டு பிள்ளைகளைப் புதைத்தார். அந்தக் கணக்குக்கு இதெல்லாம் தெரியாது.

அதே தாளில் என் மகள் இருக்கிறாள். பிறந்தது கோயம்புத்தூர். எனக்குப் பிரசவத்தில் சிக்கல் என்று திருப்பூரிலிருந்து கோவைக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைத் தவிர அவள் அந்த ஊரில் தங்கியதே இல்லை. ஆனால் அவள் இடம்பெயர்ந்தவள். அதுவும் மாவட்டம் விட்டு மாவட்டம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அவள் பிறந்தபோது திருப்பூர் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டமானது. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள் மாவட்ட எல்லை தாண்டிவிட்டாள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2011 பிப்ரவரியில் கணக்கெடுப்புப் பணிக்குப் போனவர்களில் ஒருத்தி. கணக்கெடுப்பில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் நான் ஏறி இறங்கிய வீடுகளின் கதை எதுவும் இதில் வராது. என் வீட்டுக் கதைக்கு மட்டும் நானே அனுமதி கொடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் படிவத்தில் மொத்தம் 29 கேள்விகள். பெயர், வயது, மதம், மொழி, படிப்பு, வேலை எல்லாம் மளமளவென்று போய்விடும். பிறந்த இடம் என்ற கேள்வி வந்ததும் வீட்டுக்குள் ஒரு கூட்டமே கூடிவிடும். "ஏண்டி, நீ உங்க அம்மா வீட்லதான பொறந்த?" என்று உள்ளே ஒரு குரல், "அது ஆஸ்பத்திரி டீச்சர், வீடு வேற ஊரு" என்று வாசலில் ஒரு குரல். பெரிய பெரிய ஆய்வறிக்கைகளில் 'கிராமத்திலிருந்து நகரத்துக்கு இத்தனை கோடிப் பேர்' என்று வரும்போதெல்லாம் அந்த வாசல் பேச்சுதான் எனக்கு ஞாபகம் வரும். அந்தக் கோடிகள் எல்லாம் அப்படி வாசலில் நின்று பேசி முடிவானவைதான்.

இந்தியாவில் பிறந்த இடத்தைக் கேட்பது 1881 கணக்கெடுப்பிலிருந்தே உண்டு. பிறந்த இடம் கிராமமா நகரமா என்று பிரித்துக் கேட்க ஆரம்பித்தது 1961-ல். 'இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள்' என்ற கேள்வி 1971-ல்தான் வந்தது. தாத்தா மாதிரியான ஆட்களுக்காகத்தான் அது தேவைப்பட்டது. பிறந்த இடம் என்பது வாழ்க்கையின் முதல் புள்ளி, கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும் வீடு கடைசிப் புள்ளி. இரண்டும் ஒன்றாக இருந்தால் நடுவில் நடந்தது அத்தனையும் பூஜ்யம். முந்தைய குடியிருப்பைக் கேட்டால் தாத்தாவும் 'வால்பாறையிலிருந்து வந்தவர்' என்று கணக்குக்குள் வந்துவிடுவார். 2001-ல் பிறந்த இடத்தை வைத்து எண்ணியபோது நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 30.7 கோடி. முந்தைய குடியிருப்பை வைத்து எண்ணியபோது சுமார் 31.4 கோடி. நடுவில் இருக்கும் எழுபது லட்சத்துச் சொச்சம் பேரை நான் என் தாத்தாவின் கூட்டாளிகள் என்று நினைத்துக்கொள்வேன். போய், உழைத்து, திரும்பி வந்தவர்கள்.

இனி வால்பாறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு வால்பாறை என்றால் ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு, பனி, சிங்கவால் குரங்கு, அப்புறம் ஒரு செல்ஃபி. எங்களுக்கு அது லைன் வீடு. வரிசையாகத் தகரம் வேய்ந்த வீடுகள், முன்னால் ஒரு குழாய், விடிந்ததும் பேர் கொடுக்கப் போகவேண்டும். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துக் கொண்டுவந்து நிரப்பிய மலை. மழை பொய்த்த வருடம் கங்காணிக்கு ஆள் சுலபமாகக் கிடைக்கும் என்று தாத்தா சொல்வார். அவர் கிளம்பியதும் அப்படி ஒரு வருடம்தான்.

இந்த வால்பாறை, அரசு ஏட்டில், நகரம். நகராட்சி ஆயிற்றே. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி எதுவானாலும் கணக்கெடுப்பில் அது நகர்ப்புறம். பஜாரை ஒட்டிக் கொஞ்சம் கடைகண்ணி இருக்கும், மற்றதெல்லாம் தேயிலையும் காடும். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் முடிந்து வைத்துக்கொண்டு கொழுந்து கிள்ளப் போகிற பெண்கள் அத்தனை பேரும் நகரவாசிகள். விவசாயத்தை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள் என்றுதான் அவர்களைப் பற்றி எழுதப்படும். அவர்கள் விட்டு வந்தது பருத்திச் செடி, வந்து சேர்ந்தது தேயிலைச் செடி.

என் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் சங்கரன்கோவில் பக்கம்தான். கல்யாணமாகி மலைக்கு வந்தார். கணக்குப்படி கிராமத்திலிருந்து நகரத்துக்கு, காரணம் திருமணம். நான் தலைச்சன் பிள்ளை. வழக்கப்படி அம்மா தாய்வீட்டுக்குப் போய் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் என்னைப் பெற்றார். சங்கரன்கோவிலும் நகராட்சி. அதனால் மூன்றாம் மாதம் அம்மாவின் மடியில் பஸ்ஸில் மலையேறிய நான், நகரத்திலிருந்து நகரத்துக்கு இடம்பெயர்ந்தவள். பட்டணத்துக்கும் பட்டணத்துக்கும் நடுவே பறக்கிற மென்பொருள்காரர்களோடு ஒரே கட்டத்தில் என்னையும் வைத்திருக்கிறார்கள். தம்பி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தான். ஒரே லைன் வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேரில் நான் வந்தேறி, அவன் மண்ணின் மைந்தன்.

சித்தப்பா கதை இன்னும் நல்லது. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் வேலை செய்ததும் மலையில். தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலை விலை படுத்தபோது கணக்கு முடித்துக்கொண்டு தாத்தாவின் கிராமத்துக்கே போய் இரண்டு ஆடு வாங்கினார். அவர் 'நகரத்தில் பிறந்து கிராமத்துக்கு இடம்பெயர்ந்தவர்'. 2001-க்கு முந்தைய பத்து வருடத்தில் நாட்டில் நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போனவர்கள் 62 லட்சம் பேர். நகரத்து நெரிசல் சலித்துப்போய்ப் பலர் கிராமத்துக்குத் திரும்புகிறார்கள் என்று இப்படிப்பட்ட எண்ணைக் காட்டி யாராவது எழுதும்போது, எனக்குச் சித்தப்பாவும் அவருடைய ஆடுகளும்தான் கண்ணுக்குத் தெரியும்.

வால்பாறையின் ஜனத்தொகை 2001-ல் சுமார் 95 ஆயிரம். 2011-ல் சுமார் 71 ஆயிரம். பத்தே வருடத்தில் நான்கில் ஒருவர் இல்லை. தமிழ்நாட்டில் நகரங்கள் எல்லாம் பெருத்துக்கொண்டிருந்த அதே பத்து வருடம் அது. மாவட்ட அளவில் பார்த்தால் நீலகிரியும் இப்படித்தான். 2001-ல் 7.62 லட்சமாக இருந்தது 2011-ல் 7.35 லட்சமானது. அந்தப் பத்தாண்டில் மாநிலத்திலேயே ஜனத்தொகை குறைந்த ஒரே மாவட்டம். இரண்டும் மலை, இரண்டும் தேயிலை.

ஏன் போனார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். விலை சரிந்தது, நிரந்தர ஆள் எடுப்பது குறைந்தது, பிள்ளைகள் படித்துவிட்டார்கள், கீழே திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் கைக்கு வந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எஸ்டேட்டில் வீடு வேலையோடு ஒட்டியது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு, மருத்துவம் எல்லாம் நிர்வாகம் கொடுக்கவேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடையே கைக்கு வரும். என் அப்பா பிறந்தது லைன் வீட்டில். அறுபது வயதை நெருங்கும்வரை வாழ்ந்தது அந்த மலையில். ஓய்வு பெற்ற மறுமாதம் அவர் தலைக்கு மேல் அங்கே ஒரு ஓடுகூடக் கிடையாது. பிறந்த ஊர் இருக்கிறது, அதில் போய்த் தங்க ஒரு திண்ணை இல்லை. 'ஏன் ஊரைவிட்டு வந்தீங்க' என்று அவரைக் கேட்பவர்களுக்கு இதை விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்பாவுக்கு நடந்தது இப்போது திருநெல்வேலி மலையில் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் ஊருக்கே நடக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் எடுத்த 99 வருடக் குத்தகை 2028-ல் முடிகிறது என்று, 2024-லேயே தேயிலை வேலையை நிறுத்தி ஆட்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். நான்கைந்து தலைமுறை பிறந்த இடம். இன்னும் கொஞ்ச நாளில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் மாஞ்சோலை என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள், மாஞ்சோலையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

மலையில் எங்களோடு இன்னொரு வகை ஆட்களும் இருந்தார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. அதன்படி வந்தவர்களுக்காகத் தமிழக அரசு நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டம் போட்டது. அவர்களுக்குப் பிறந்த இடம் பதுளை, நுவரெலியா. கணக்கில் அந்நிய நாட்டில் பிறந்து இந்தியாவுக்குக் குடிவந்தவர்கள். தாயகம் திரும்பியவர்கள் என்று அரசு அவர்களுக்குப் பேர் வைத்தது. திரும்பியவர்களில் பலர் முதல் தடவையாக இந்த மண்ணை மிதித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்பாவோடு டீ குடிக்க வருவார். இங்கே கொழுந்து அங்கே மாதிரி இல்லை என்பார், அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

சரி, இப்போது பெரிய கணக்குக்கு வருவோம். 1991-லிருந்து 2001 வரை பத்து வருடத்தில் நாட்டில் இடம் மாறியவர்கள் சுமார் 9.8 கோடிப் பேர். இதில் வேலைக்காகப் போனவர்கள் 1.44 கோடி. கல்யாணமாகிப் போனவர்கள் 4.31 கோடி. நாம் எல்லோரும் தலையில் வைத்திருக்கும் படம், மஞ்சள் பையோடு ரயில் ஏறுகிற இளைஞன். கணக்கில் அவனைவிட மூன்று மடங்கு இருப்பது புடவை கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வேன் ஏறுகிற பெண். அவள் போவதும் பெரும்பாலும் பட்டணத்துக்கு இல்லை, பக்கத்துக் கிராமத்துக்கு. அந்தப் பத்து வருடத்தில் கிராமத்திலிருந்து கிராமத்துக்கு மாறியவர்கள் 5.3 கோடி. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் 2 கோடியை ஒட்டித்தான்.

காரணங்களின் அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருக்கிறது. 'பிறந்தபின் இடம்பெயர்ந்தவர்'. 2001-ல்தான் இந்தக் காரணத்தைத் தனியாகப் பிரித்தார்கள். தாய்வீட்டில் பிறந்து அப்பா வீட்டுக்கு வந்த பிள்ளைகள். அந்தப் பத்து வருடத்தில் இவர்கள் மட்டும் 66 லட்சம் பேர். படிப்புக்காக ஊர் மாறியவர்கள் 29 லட்சம், தொழில் வியாபாரத்துக்காக மாறியவர்கள் 11 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் பாட்டி வீட்டில் பிறந்த குழந்தைகளை எட்ட முடியவில்லை! வளைகாப்பு முடித்து மகளை அழைத்துப்போகிற ஒரு பழக்கம் ஒரு தேசத்தின் புள்ளிவிவரத்தையே இப்படி அசைத்திருக்கிறது.

இப்போது தாய்வீட்டோடு ஆஸ்பத்திரியும் சேர்ந்துகொண்டது. என் ஆச்சி பெற்ற பிள்ளைகள் எல்லாம் லைன் வீட்டில், மருத்துவச்சி கையில். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. இது பெரிய சாதனை, அதில் சந்தேகமே இல்லை. அதே ஆய்வில் நூற்றில் 45 பிரசவம் சிசேரியன். சிசேரியன் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு முடியாது, தாலுகா ஆஸ்பத்திரிக்கோ மாவட்டத் தலைநகருக்கோ போகவேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் நகரத்தில் பிறந்து கிராமத்துக்குத் திரும்புகிறார்கள். என் வகுப்பில் மாற்றுச் சான்றிதழுக்காகப் பிறப்புச் சான்றிதழ்களைப் புரட்டினால் அத்தனையிலும் ஏதாவது ஒரு டவுனின் பேர்தான். இன்னும் முப்பது வருடம் கழித்து இந்தக் கட்டத்தை மட்டும் பார்க்கிற ஒருவர், தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழந்தையே பிறக்கவில்லை என்று நினைத்தாலும் நினைப்பார்.

இதற்கு வழி இல்லாமலில்லை. பிள்ளை பிறந்த நேரத்தில் தாய் எந்த ஊரில் குடியிருந்தாளோ அதையே பிறந்த இடமாக எழுதலாம் என்று ஐ.நா. சபையின் கணக்கெடுப்புப் பரிந்துரைகளே சொல்கின்றன. அப்படிக் கேட்டால் நான் வால்பாறைக்காரி, என் மகள் திருப்பூர்க்காரி. கட்டிலில் அல்ல, வீட்டில் பிறந்தவர்களாக ஆகிவிடுவோம்.

கல்யாணம் என்ற காரணத்தைப் பற்றியும் எனக்கு ஒரு புகார் உண்டு. 2020-21 தொழிலாளர் ஆய்வின்படி நாட்டில் பெண்களில் 47.9 சதவீதம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், ஆண்களில் 10.7 சதவீதம்தான். அந்தப் பெண்களில் 86.8 சதவீதத்துக்குக் காரணம் திருமணம். நான் திருப்பூருக்கு வந்தது வேலை கிடைத்து. மாப்பிள்ளை பார்த்ததே டீச்சருக்குத் திருப்பூரில் போஸ்டிங் என்பதால். 2011-ல் நான் வேறு தெருவில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்கு வேறொரு ஆசிரியர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். பதில் சொன்னது என் மாமியார். "கல்யாணமாகி வந்தவங்க சார், வேற என்ன காரணம்?" மாமியாரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு ஆளுக்கு ஒரே காரணம் என்று கட்டம் ஒன்றுதான் இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் செக்கிங்கிலும் கைமடியிலும் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். திருப்பூரில் வேலை இருக்கிறது என்பதாலேயே திருப்பூர் மாப்பிள்ளைக்குச் சம்மதித்தவர்கள் பலர். அவர்கள் அத்தனை பேரும் கணக்கில் மனைவியாக வந்தவர்கள், தொழிலாளியாக வந்தவர்கள் இல்லை.

ராவன்ஸ்டீன் என்று ஒருவர். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய புவியியல்காரர். பிரிட்டனின் 1881 கணக்கெடுப்பில் இருந்த பிறந்த இட அட்டவணைகளை உட்கார்ந்து கூட்டிக் கழித்து 1885-ல் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலோர் கொஞ்ச தூரம்தான் போகிறார்கள், குறைந்த தூரத்துக்குப் போவதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம், ஒரு திசையில் ஆள் போனால் எதிர்த்திசையிலும் ஆள் வரும். இதெல்லாம் அவர் கண்டது. ஆலைப்புகை மண்டிய விக்டோரியா காலத்து இங்கிலாந்தைப் பார்த்து எழுதியது, எங்கள் வீட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அவரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர் என்பதால்தானோ என்னவோ.

நகரத்துக்கு ஜனம் போகிறது என்று பேசும்போது இன்னொன்றை விட்டுவிடுகிறோம். நகரமும் ஜனத்தைத் தேடி வருகிறது. அப்பாவும் அம்மாவும் மலையிலிருந்து இறங்கித் தம்பியோடு திருப்பூர் ஓரத்தில் வாடகைக்குக் குடியேறினார்கள். அப்போது அது ஊராட்சி. வீட்டு வரி ரசீது ஊராட்சிப் பேரில், குடிதண்ணீர் வாரம் ஒரு முறை. 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் எட்டு ஊராட்சிகளையும் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்த்தபோது அவர்கள் இருந்த இடமும் உள்ளே போனது. தண்ணீர் அப்போதும் வாரம் ஒரு முறைதான். வரி மட்டும் மாநகர வரி.

இணைக்காமலேயே நகரமாக்குகிற வழியும் இருக்கிறது. ஜனத்தொகை 5,000-ஐத் தாண்டி, ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் இருந்து, ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்தில் இல்லாவிட்டால் கணக்கெடுப்புத் துறை அதை 'சென்சஸ் டவுன்' என்று எழுதிக்கொள்ளும். ஊரை ஆள்வது ஊராட்சித் தலைவர்தான், கணக்கில் நகரம். (பெண்கள் என்ன வேலை செய்தால் ஊர் நகரமாகும் என்பதற்கு விதி எதுவும் கிடையாது.) தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவை 2001-ல் 111. 2011-ல் 376. நாடு முழுவதும் 1,362-லிருந்து 3,894. அந்தப் பத்தாண்டில் இந்திய நகரங்களில் கூடிய ஜனத்தொகையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் இந்தப் புது டவுன்களால் வந்தது என்று கனு சரண் பிரதான் என்ற ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். வால்பாறைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2001-ல் அங்கே நகரவாசிகள் 26 சதவீதம், 2011-ல் 47.7. பாதிக் கேரளா மூட்டை கட்டிக்கொண்டு எர்ணாகுளத்துக்கும் திருச்சூருக்கும் போய்விடவில்லை. அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். சென்சஸ் டவுன் 99-லிருந்து 461 ஆனது.

தமிழ்நாட்டில் நகரவாசிகள் 2001-ல் 44 சதவீதம், 2011-ல் 48.4. இந்த நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 2004-ல் மாநில அரசு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. கிராமத்துக்கு வருகிற திட்டப்பணம் கிடைக்கும் என்பது கணக்கு. 2006-ல் ஆட்சி மாறியதும் திரும்பவும் பேரூராட்சியானது. இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் போய் வந்துவிட்டதால் அட்டவணையில் இதன் தடமே இல்லை. லட்சக்கணக்கான பேர் நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போய், இரண்டு வருடம் இருந்துவிட்டு நகரத்துக்குத் திரும்பினார்கள், வாசற்படி தாண்டாமல்.

இப்படிச் சொல்வதால் யாருமே பட்டணத்துக்குப் போகவில்லை என்று ஆகாது. சென்னை மாவட்டம் 2001-க்கும் 2011-க்கும் நடுவில் 7 சதவீதம்தான் வளர்ந்தது, அதைச் சுற்றியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 சதவீதம். ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் சென்னையிலிருந்து வெளியேறியவர்களும், வெளியூரிலிருந்து வந்து சென்னை எல்லையிலேயே நின்றுவிட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். திருப்பூரில் நான் கண்ணால் பார்த்ததும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பில் தேனி, திண்டுக்கல், மதுரைப் பிள்ளைகள், எங்கள் வால்பாறைப் பிள்ளைகள். அப்புறம் மெல்ல மெல்ல ஒடிசா, பீகார், அஸ்ஸாம். வால்பாறையிலும் நாங்கள் இறங்கிய பிறகு எங்கள் லைன் வீடுகளில் அஸ்ஸாம், ஜார்க்கண்ட் குடும்பங்கள் ஏறியிருக்கின்றன. நாங்கள் கீழே இறங்கிய காரணம் எதுவும் அவர்களுக்கு மாறிவிடவில்லை. வேலை முடிந்தால் வீடு முடிந்தது என்பது அவர்களுக்கும்தான்.

இந்தப் பிள்ளைகளின் கட்டத்தைத்தான் நான் அதிகம் யோசிப்பது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த அப்பா அம்மாவுக்குத் திருப்பூர் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, என்னிடம் திருக்குறள் ஒப்பிக்கிற ஒடியாப் பிள்ளை, கணக்கில் இடம்பெயராதவர். சுத்தமான திருப்பூர்க்காரர். எதிர்த்த வீட்டில் இருக்கும் என் மகள் வெளி மாவட்டத்துக்காரி. இது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் ஆர்டர் குறைந்து கம்பெனி ஷிஃப்டை வெட்டும்போது அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பிவிடும். பெற்றோர் பிறந்த மாவட்டத்துக்கே போவதால் பிறந்த இடக் கணக்கில் அவர்கள் எங்கேயும் போகாதவர்கள் ஆகிவிடுவார்கள், தாத்தாவைப் போலவே. பிள்ளை மட்டும் அங்கே தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவனாக எழுதப்படுவான். ஒடியா எழுதத் தெரியாததால் அவனை மூன்று வகுப்பு கீழே இறக்கிச் சேர்த்தார்கள் என்று போன வருடம் ஒரு அம்மா போனில் அழுதார்.

2021-ல் வரவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவில் தள்ளிப்போய், தள்ளித் தள்ளி, 2027 பிப்ரவரியில் நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். பதினாறு வருட இடைவெளி. சாதியும் கேட்கப்போகிறார்கள் என்பதால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான், அது நியாயமும்கூட. கைப்பேசியில் நாமே நிரப்பிக்கொள்ளவும் வழி உண்டாம். அப்படியானால் எங்கள் வீட்டில் பதில் சொல்லப்போவது இந்தத் தடவை மாமியார் இல்லை, நான்தான். காரணம் என்ற இடத்தில் வேலை என்று அழுத்துவேன். அப்பாவுக்கு எதை அழுத்துவது என்றுதான் தெரியவில்லை. வேலைக்காக வந்தாரா, இல்லை. கல்யாணம், படிப்பு, இல்லை. குடும்பத்தோடு வந்தார் என்றால் குடும்பம் ஏன் வந்தது? அவரிடமே கேட்டேன். "வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்கன்னு போடு" என்றார். அப்படி ஒரு காரணம் 2001 பட்டியலிலும் இல்லை, நான் எடுத்துக்கொண்டு அலைந்த 2011 படிவத்திலும் இல்லை. இரண்டிலும் கடைசியில் 'பிற' என்று ஒன்று இருந்தது. 2001-ல் அதில் மட்டும் 95 லட்சம் பேர்.